தானாக அழுந்திய பட்டன்

அன்புள்ள தம்பி,

என்னை ஏமாற்றுக்காரி என்று எழுதிக் கொடுத்தது நீ செய்த புரோகிராம்தான். இதை முதலில் சொல்லிவிட்டேன், இனி மற்றதைச் சொல்கிறேன். இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், இந்த மாதத்துக்கு அதுவே போதும் என்றிருக்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் விட்டு, வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். போன தடவை பேசும்போது மூன்று தரம் இருமினாய், நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற லேப்டாப்பைக் கம்பெனியில் பூட்டிவிட்டார்கள். போனில் பேசலாமென்றால் இரண்டே அறை உள்ள வீட்டில் அப்பா காதில் விழாமல் பேச முடியாது. மெசேஜ் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவாய். அப்பா இப்போது கைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்குப் போயிருக்கிறார், திரும்பி வர ஒன்றரை மணி நேரமாகும், அதற்குள் எழுதி முடித்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, தாளையும் தபாலில் போட்டுவிடுவேன். ஒரே மூச்சில் ஓட்டிப் படிக்காதே, நிதானமாகப் படி.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், உனக்குத் தெரியாது. திரையில் இடது பக்கம் ஆஸ்பத்திரிச் சீட்டு, வலது பக்கம் கட்டங்கள். கோழி கிளறினது மாதிரி டாக்டர் எழுதியிருப்பதைப் படித்து, நோயாளிக்கு என்ன வயது, என்ன நோவு, எத்தனை நாள் படுத்திருந்தார், எல்லாவற்றையும் அந்தந்தக் கட்டத்தில் அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூற்றுப் பத்துச் சீட்டு. மூன்று வருடமாகச் செய்கிறேன், சீட்டில் எனக்குக் கஷ்டமில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் திரையின் மூலையில் ஒரு பச்சைப் பொட்டு வந்தது, கஷ்டம் அதோடு வந்தது. நான்கு நிமிடம் எந்தப் பட்டனையும் அழுத்தாவிட்டால் அது மஞ்சளாகும், ஆறு நிமிடத்தில் சிவப்பாகும், ஒரு நாளில் மூன்று தரம் சிவந்தால் அரை நாள் வேலைக்கு வராததாக அர்த்தம். எங்கள் பிரிவுப் பெண்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறோம். "மாமியார் முகம் மாறுதுடி, அப்புறம் பேசுறேன்" என்று சொல்லித்தான் போனையே வைப்போம். "என் மாமியாரை நான் என்னென்னவோ சொல்லியிருக்கேன்க்கா, ஆனா அந்தம்மா மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கும், இது கண்ணே மூட மாட்டேங்குதே" என்பாள் எங்களில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. அந்தப் பொட்டைச் செய்த கூட்டத்தில் என் பிள்ளையும் ஒருவன் என்று இதுவரை நான் அவர்களிடம் சொன்னதில்லை. முதலில் அடக்கத்தினால் சொல்லவில்லை, பிறகு வெட்கத்தினால் சொல்லவில்லை. உங்கள் புரோகிராமை எங்கள் கம்பெனி வாங்கியிருக்கிறது என்று நீ சொன்ன அன்றைக்கு அப்பா மாடிவீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்தி, "பையன் அங்க உக்காந்து எழுதுறான், அவங்கம்மா இங்க உக்காந்து ஓட்டுறா, குடும்பமே கம்ப்யூட்டர் குடும்பம்" என்று சொல்லிச் சிரித்தார்.

தம்பி, என் வயதில் நான்கு நிமிடத்தில் பாத்ரூம் போய் வர முடியாது. முட்டி மடங்க ஒரு நிமிடம், நிமிர ஒரு நிமிடம். நீங்கள் அந்த நான்கு நிமிடத்தை எழுதியபோது உங்கள் மனதில் இருந்தது இருபத்தைந்து வயது உடம்பு. அதனால் நாங்கள் ஒரு வழி செய்துகொண்டோம், அதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. நான் எழுந்து போகும்போது அப்பா வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, கீழே போகிற அம்புக்குறிப் பட்டனை நிமிடத்துக்கு ஒரு தரம் அழுத்துவார். மற்றதை அழுத்தினால் கட்டத்தில் எழுத்து விழுந்துவிடும், அது ஒன்றுதான் எதையும் கெடுக்காது. "ஸ்டியரிங்கை என்கிட்ட குடு, நீ போயிட்டு வா" என்பார். "பிரேக் இல்ல, கியர் இல்ல, ஒத்தைப் பட்டன், இதைக்கூடவா ஓட்ட மாட்டேன்" என்பார். கை நடுங்குகிறது என்று பஸ் ஓட்டுகிற வேலையிலிருந்து அவரை இறக்கிவிட்ட பிறகு ஒரு வருடம் அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததை நீ பார்க்கவில்லை. அந்த மனுஷன் காலையில் முகம் வழித்து, சட்டை மாட்டிக்கொண்டு, "பதினொரு மணி டூட்டிக்கு ஆள் ரெடி" என்று வந்து நின்றது அந்தப் பட்டனால்தான். அதனால் அது தப்பு என்று தெரிந்தும் எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை பதினொரு மணி டூட்டியில் டீ டம்ளரோடு உட்கார்ந்துவிட்டார். வலது கையால் பட்டனை அழுத்தியிருக்கிறார், இடது கையில் டம்ளர். அந்தக் கையும் இப்போது ஆட ஆரம்பித்துவிட்டது, அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் வெளியே வந்தபோது லேப்டாப்பின் வலது மூலையில் டீ குளமாக நிற்கிறது, அவர் டம்ளரைக் கீழே வைக்காமல் பட்டனை இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார். "பச்சையாத்தான் இருக்கு, பச்சையாத்தான் இருக்கு" என்கிறார். நான் சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடித்து, அதைத் திருப்பிக் கூடாரம் மாதிரி துண்டின் மேல் கவிழ்த்து வைத்தேன். நீ காலேஜில் படிக்கும்போது உன்னுடையதில் தண்ணீர் கொட்டி இப்படித்தான் செய்தாய், பார்த்து வைத்திருந்தேன். அப்பா மாடிக்கு ஓடிப்போய் ஹேர் டிரையர் வாங்கி வந்தார். சூட்டுக் காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும் என்று சொல்லித் தடுத்து, மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். ஒரு நாள் முழுக்க அதைத் தொடாமல் விட்டிருக்க வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் லீவு கேட்க வேண்டுமென்றால் அந்த லேப்டாப்பில்தான் கேட்க வேண்டும், வேறு வழியில் கேட்டால் செல்லாது. லேப்டாப் நனைந்துவிட்டது என்று சொல்ல அந்த நனைந்த லேப்டாப்பையே திறக்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் திறந்தேன். ஒன்றுமே நடக்காதது போல் வேலை செய்தது. நானும் லீவு கேட்காமல் வேலையைப் பார்த்தேன். நான் செய்த தப்பு அது.

மறுநாள் காலையில் பக்கம் தானாக ஓட ஆரம்பித்தது. வயதை அடிக்கப் போனால் கட்டம் கையிலிருந்து நழுவி அடிப்பக்கத்துக்குப் போய் நிற்கிறது. ஹெல்ப்லைனில் கேட்டேன், ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னான், செய்தேன். இன்னொரு தரம் செய்யச் சொன்னான், செய்தேன். பட்டனுக்கான சாப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னான், அதையும் செய்தேன். ஏதாவது சிந்தியதா என்று அவன் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மேஜையில் டீ, தண்ணீர் எதுவும் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எழுந்து போய்க் குடிக்க நேரம் கிடையாது என்றும் இருக்கிறது, அதை மட்டும் யாரும் விதி என்று எழுதி வைக்கவில்லை. கடைத்தெரு முனையில் லேப்டாப் ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கீபோர்டை வெளியிலிருந்து மாட்டிப் பார்த்தார், அதில் எல்லாப் பட்டனும் சரியாக விழுந்தது, ஆனாலும் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. "அம்மா, வெறும் தண்ணின்னா காஞ்சு போயிடும். இது சர்க்கரை போட்ட டீ. காயக் காய ஒட்டும். உள்ள இந்தக் கீழ்ப் பட்டன் அழுந்தின மாதிரியே ஒட்டிக்கிச்சு. கீபோர்டுல இருந்து ஒரு நாடா போகுது, அதைக் கழட்டிவிட்டா இது ஊமையாயிடும், நீங்க வெளிக் கீபோர்டுல வேலை பாருங்க, பத்து நிமிஷ வேலை" என்றார். திருப்பிப் பார்த்தால் ஸ்க்ரூ மேல் கம்பெனி ஸ்டிக்கர், அது கிழிந்தால் என் பொறுப்பு. திறக்க அனுமதி கேட்டு எழுதினேன், ஒரு நம்பர் வந்தது, ஏழு வேலை நாளில் பதில் வரும் என்று. "நம்பர் குடுத்துட்டாங்கள்ல, இனிமே அது தானா சரியாயிடும்" என்று சிரித்துவிட்டு, கீபோர்டை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

ஏழு நாள் சும்மா இருந்தால் வேலை போய்விடும். அதனால் அதோடு மல்லுக்கட்டினேன். வேறு ஏதாவது பட்டனைத் தட்டினால் ஓட்டம் கொஞ்சம் நிற்கும், நிற்பதற்குள் ஒரு கட்டத்தை அடித்துவிட வேண்டும். பழைய பஸ் பாஸை இரண்டாக மடித்துப் பட்டனுக்கு அடியில் செருகினேன், பத்து நிமிடம் தாங்கியது, பிறகு மறுபடியும். சாப்பிட எழுந்து போகும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வாரம் நான் பார்த்த வேலை வழக்கத்தில் பாதிகூட இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோர் திரையிலும் என் போட்டோ வந்தது. இந்த வாரத்தின் சிறந்த உழைப்பாளி. ஒரு நாளைக்கு நான்கு லட்சம் தரம் பட்டனை அழுத்தியிருக்கிறாளாம், செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு தரம்கூட மாமியார் முகம் மஞ்சளாகவில்லையாம். நான்கு லட்சம் தரம் அழுத்தினால் விரல் மணிக்கட்டு வரைக்கும் தேய்ந்து போயிருக்காதா என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கைக்குழந்தைக்காரி போன் செய்து, "அக்கா, நீங்க மனுஷியா மெஷினா, எங்க வயித்துல ஏன் அடிக்கிறீங்க" என்று பாதி விளையாட்டாகவும் பாதி அழுகையாகவும் கேட்டாள். அப்பா மட்டும் சந்தோஷமாக இருந்தார். டீ கொட்டின பாவம் கழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை லேப்டாப் பூட்டிக்கொண்டது. திரையில் நான்கே வரி. செயற்கையான இயக்கம் கண்டுபிடிக்கப்பட்டது, பட்டனை அழுத்த ஏதோ கருவி பயன்படுத்தப்பட்டதாகச் சந்தேகம், கணக்கு முடக்கப்பட்டது, விசாரணைக்கு வரவும். எங்கள் பிரிவு மேடத்தைக் கூப்பிட்டேன். "நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு எனக்குத் தெரியும்மா, ஆனா ரிப்போர்ட் அப்படிச் சொல்லுதே, நான் என்ன பண்றது" என்றார். மூன்று வருடமாக என்னைத் தெரிந்த மனுஷி, ஒரு வாரமாக என்னைத் தெரிந்த காகிதத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. பின்னாலும் போய்த் தோண்டியிருக்கிறார்கள். ஏழு மாதமாகத் தினமும் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஐந்தாறு நிமிடம் வெறும் கீழ் அம்புக்குறி மட்டும் விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, இது பழைய திருட்டு என்று எழுதியிருக்கிறார்கள். இதில் குற்றம் நிரூபணமானால் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். உங்கள் புரோகிராமை வாங்குகிற எல்லாக் கம்பெனிக்கும் அந்தப் பட்டியல் போகும். வீட்டிலிருந்து பார்க்கிற வேலை கொடுக்கிறவர்கள் இப்போது எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்று நீதான் ஒரு நாள் சந்தோஷமாகச் சொன்னாய். ஐம்பத்தாறு வயதில் நான் இனி எங்கே போவேன்? இந்த வீட்டில் வேலை பார்க்கிற கை இப்போது என்னுடையது ஒன்றுதான். நீ அனுப்புகிறேன் என்பாய், அனுப்புவாய், அது எனக்குத் தெரியும். நான் கேட்பது அதை இல்லை. ஏமாற்றுக்காரி என்கிற பெயரோடு வீட்டில் உட்கார மாட்டேன்.

விசாரணையில் என்ன சொல்வது என்று பத்து நாளாக யோசிக்கிறேன். டீ கொட்டியது என்றால் மேஜையில் டீ ஏன் என்பார்கள். யார் கொட்டினது என்றால் அப்பா பெயர் வரும், நோயாளிகளின் சீட்டு இருக்கிற திரையை வெளியாள் பார்த்தார் என்பது அதைவிடப் பெரிய குற்றம். ஒன்றுமே கொட்டவில்லை என்றால் கருவி வைத்தேன் என்று ஆகும். எப்படித் திரும்பினாலும் இடிக்கிறது. அப்போதுதான் ரிப்பேர் கடையில் இருந்து உனக்குப் போன் செய்து, பட்டன் ஒட்டிக்கொண்டதைச் சொன்னேன். உன் வாயிலிருந்துதான் அது வந்தது, நான் பிடுங்கவில்லை. "மூல ரெக்கார்டைப் பார்த்தா நல்லாவே தெரியும்மா. பட்டன் கீழ போனது ஒரு தடவை பதிவாகும், மேல வந்தது ஒரு தடவை பதிவாகும். கருவியோ விரலோ அழுத்தினா ஒவ்வொரு தடவையும் மேல வரும். உன்னோடது அழுந்தியே இருந்ததால கீழ போனது மட்டும் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கும், அரை மணி நேரமானாலும் மேல வந்திருக்கவே வந்திருக்காது. ஆனா ரிப்போர்ட்ல மேல வர்றதைக் காட்ட மாட்டோம், ரொம்ப நீளமாகுதுன்னு எடுத்துட்டோம்" என்றாய். நீளமாகிறது என்று எடுத்தீர்களாம். கீழே போனதை மட்டும் எண்ணுவீர்கள், மேலே வந்ததா இல்லையா என்று பார்க்க மாட்டீர்கள். அந்த ரெக்கார்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன், எங்ககிட்டதான் இருக்கு, தொண்ணூறு நாள் கழிச்சு அழிஞ்சிடும் என்றாய். அதை எழுதிக் கொடு என்றேன். உடனே உன் குரல் மாறிவிட்டது. "அம்மா, அதெல்லாம் கம்பெனி விஷயம், வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன், நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாய். கடைசியாகப் பாக்கலாம்மா என்றாய். அதற்குப் பிறகு நான் நான்கு தரம் கூப்பிட்டேன், நான்கு தரமும் நீ மீட்டிங்கில் இருந்தாய்.

உனக்கு அங்கே என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. வேலை போனால் அந்த ஊரில் இருக்கவே முடியாது, வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறாய், எல்லாம் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். உனக்கும் அங்கே பொட்டு உண்டா என்று முன்பு ஒரு தரம் கேட்டேன், "எங்களுக்கெல்லாம் எதுக்கும்மா அது" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை. எங்கள் பிரிவில் இந்த வருடம் மூன்று பெண்களை வேலையை விட்டு எடுத்தார்கள். ஒருத்தி குழந்தைக்குக் காய்ச்சல் என்று மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் அடித்தாள், அவளுக்கு வேகம் போதவில்லை. ஒருத்தி படுக்கையில் கிடக்கும் மாமனாரைத் திருப்பிப் போட எழுந்து எழுந்து போனாள். மூன்றாவது ஒருத்தி ஏன் போனாள் என்று யாருக்குமே தெரியாது, ரிப்போர்ட் சொன்னது, போனாள். அவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கம் எழுதுகிற இடத்தில் ஒரு பிள்ளை இல்லை. எனக்கு இருக்கிறான், அப்படியும் நான் அவர்களைப் போலவே போக வேண்டுமா? அப்பா டூட்டி பார்த்ததை நானே விசாரணையில் சொல்லிவிடுவேன், அதற்கு என்ன தண்டனையோ வாங்கிக்கொள்கிறேன். அதில் நீ எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். நான் செய்யாததைச் செய்யவில்லை என்று மட்டும் சொல், உண்மையைத்தானே கேட்கிறேன்.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. லேப்டாப் சர்வீசுக்குப் போயிருக்கிறது, அதுவரை எனக்கு லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதை மேஜைக்கு அடியில் பையில் போட்டு மறைத்திருக்கிறேன். அவர் இப்போதெல்லாம் டீயைக் கூடத்துக்குக் கொண்டுவருவதில்லை, பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிடுகிறார். பதினொரு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "இன்னும் வரலையா" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவர் குரல் வாசலில் கேட்கிறது, மாடிவீட்டுக்காரரோடு ஏதோ பேசிக்கொண்டு வருகிறார், முடிக்க வேண்டும். சித்தி உன்னை விசாரித்தாள், அவள் வீட்டு மோட்டார் மறுபடியும் பழுது, அவளுக்கு ஒரு போன் செய். இருமலுக்கு டாக்டரைப் பார், கடையில் சிரப் வாங்கிக் குடித்துவிட்டுச் சும்மா இருக்காதே. கண்ணாடி மாற்றச் சொல்லி ஒரு வருடமாகிறது. நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், யாரும் விரல் நீட்டிப் பேச முடியாதவனாக நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. விசாரணை வருகிற பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி. காகிதம் பதினாறாம் தேதிக்குள் வர வேண்டும், ரிப்பேர் கடைக்காரரின் மெயிலுக்கு அனுப்பினால் அச்சடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார், விலாசத்தை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

போன் செய்து பாக்கலாம்மா என்று சொல்லாதே. என் அம்மா கருவி வைக்கவில்லை, பட்டன் மேலே வரவில்லை, அதை எங்கள் ரிப்போர்ட் மறைக்கிறது என்று எழுதி, கீழே உன் பெயரைப் போட்டு அனுப்பு. முடியாது என்றால், முடியாது என்பதையும் அதே மாதிரி எழுதி, கீழே உன் பெயரைப் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா